பன்னிரண்டாவது ஓட்டை

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்கு அப்போது நிறையவே கர்வம். தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற சாலையோரத்தில் இருந்த ஒரு பட்டு நூற்பு ஆலையில் எனக்கு வேலை கிடைத்ததற்கு, பி.காம். பட்டத்தைவிடக் கையெழுத்துதான் காரணம் என்று முதலாளியே ஒருமுறை சொன்னார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோபம் மூக்கின் மேல், சடை இடுப்புக்குக் கீழே, நாக்கு எப்போதும் புத்திக்கு ஓரடி முன்னால். இந்த மூன்றில் சடை மட்டும்தான் இன்றைக்குக் குறைந்திருக்கிறது.

ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதற்குள் முப்பது வெந்நீர்த் தொட்டிகள், தொட்டிக்கு ஒரு பெண். தருமபுரியில் ஏலம் எடுத்து வந்த பட்டுக்கூடுகளை வேகவைத்துத் தொட்டியில் போடுவார்கள். கண்ணுக்கே தெரியாத இழையின் நுனியை விரலால் தேடிப் பிடித்து ராட்டையில் ஏற்றுவார்கள். இழை முழுக்க உருவி முடிந்ததும் உள்ளே இருந்த புழு வெந்து கறுத்துத் தண்ணீரில் மிதக்கும். அதைத் தனியாக அள்ளிப் பின்பக்கத்து ஷெட்டில் கொட்டுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். கோழித் தீவனத்துக்காக வாரம் ஒருமுறை மாட்டு வண்டி வந்து மூட்டை மூட்டையாக ஏற்றிப்போகும். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க நான் மோரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

நூற்ற பட்டைக் காயவைத்து முறுக்கிக் கட்டினால் அதற்குச் சிட்டம் என்று பெயர். ஒரு சிட்டம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் பல நாள் கூலிக்குச் சமம் அது. அதனால்தான் சிட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியதும் முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டவுனில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திருட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம் என்று ஒருவரை வரவழைத்தார். வந்தவர் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எங்கெங்கே திருட வழி இருக்கிறது, அதையெல்லாம் அடைக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, எனக்கு எல்லாரையும் பார்த்தா நல்லவங்களாத்தான் தெரியுது. அது என் வியாதி. நீ ஒரு திருடி மாதிரி நெனச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்து. எங்கெங்க ஓட்டை இருக்குதோ எழுதிக் குடு."

அதுவரை யாரும் என்னிடம் மூளையைக் கேட்டதில்லை. டைப் அடி, லெட்டரை மடி, ஸ்டாம்பு ஒட்டு, இவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஆலையைச் சுற்றினேன். பின்சுவரின் மேல் வேப்பங்கிளை ஒன்று சாய்ந்து ஏணி போட்டுக் கொடுத்திருந்தது. சிட்டம் வைக்கிற அறையின் சாவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, அது காக்கா குருவிக்குக்கூடத் தெரியும். காலையில் கூட்டை எடை போடுகிறவரே மாலையில் பட்டையும் எடை போட்டார், சரிபார்க்க வேறு ஆள் இல்லை. கேட்டில் யாராவது வெளியே நின்று "நாந்தாங்க" என்றால் போதும், வாட்ச்மேன் முகத்தைப் பார்க்காமலே திறந்துவிடுவார். நானே வெளியே போய்க் குரலை மாற்றி "நாந்தாங்க" என்றேன். திறந்தார்.

"யாருன்னு பாக்க வேண்டாமாங்க?" என்றேன்.

"பொம்பளக் கொரலு கேட்டும் கதவத் தொறக்காம நின்னா மரியாதயாங்க அது?" என்று அவர் என் மேலேயே பாய்ந்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.

புழு ஷெட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. இருபதடி தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வாய் தைத்த சாக்கு மூட்டைகள், மேலே ஈ. புழு ஷெட் என்று எழுதி அதற்கு நேராக, ஆபத்து இல்லை என்று எழுதினேன். மனிதர்கள் யாரும் கை வைக்கிற இடமா அது என்று நினைத்தேன்.

இப்படிப் பதினொரு ஓட்டைகள் ஆகிவிட்டன. ஒரு டஜனாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. உண்மையாகச் சொல்கிறேன், அந்தப் பன்னிரண்டாவது ஓட்டை அப்படித்தான் பிறந்தது. பெண்களின் கொண்டைக்குள் ஒரு சிட்டத்தை ஒளித்துக் கொண்டுபோக முடியும், ஆகவே வேலை முடிந்து போகும்போது கேட்டில் கொண்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். என் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

வாசலிலிருந்து நான்காவது தொட்டியில் ஓர் அக்கா வேலை செய்தாள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் டைபாய்டு வந்து அவளுக்கு முடி முழுக்கக் கொட்டிப்போனது. பிறகு முளைத்ததும் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. தருமபுரி கடையில் சவுரி வாங்கி, இருந்த நாலு முடியோடு சேர்த்து ஊசி குத்திக் கொண்டை போட்டுக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. ஆனால் தொட்டி ஆவியில் பாதி நாளுக்குள் ஊசிகள் நழுவிவிடும். ஆலையில் தாழ்ப்பாள் இருந்த ஒரே அறை என்னுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்துகொள்வாள். ஊசிகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். வெந்நீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்களால் அவள் ஊசி குத்துவதைப் பார்க்க எனக்கு வலிக்கும்.

பஸ்ஸுக்கு வேண்டிய சில்லறையை ஒரு துணியில் முடிந்து அந்தச் சவுரிக் கொண்டைக்குள் வைத்துக்கொள்வாள். இடுப்பில் வைத்தால் அண்ணன் உருவிக்கொள்கிறானாம்.

"இதான் கண்ணு எம்பட பேங்கி. எந்தத் திருடனும் இதுக்குள்ள கை வுட மாட்டான்" என்று சிரிப்பாள்.

அந்தப் பேங்கைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. எழுதும்போது அவள் முகமே நினைவுக்கு வரவில்லை, கொண்டை மட்டும்தான் வந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது.

அவளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கடத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார். அவருடைய சித்தி எங்கள் ஆலையில்தான், அக்காவுக்கு இரண்டு தொட்டி தள்ளி உட்கார்ந்து நூற்றார். அக்காவின் கைவேலையையும் குணத்தையும் பார்த்துப் பிடித்துப்போய், அவரே முன்னின்று பேசிய சம்பந்தம். தையில் கல்யாணம் என்று வாய்வார்த்தையாக முடிவாகியிருந்தது. முடி விஷயம் அந்தச் சித்திக்கும் தெரியாது.

"சொல்லிடலாமேக்கா" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"சொல்லத்தான் போறன். கட்டிக்கிட்டு ஒரு மாசம் போவட்டும், நானே சொல்லிக்கறன். மொதல்ல அந்தாளு எம் மூஞ்சியப் பாத்துப் பழகட்டும் கண்ணு" என்றாள்.

இன்சூரன்ஸ்காரர் வந்து என் பட்டியலைப் படித்தார். மற்றதற்கெல்லாம் தலையாட்டினவர், பன்னிரண்டாவதைப் படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது எனக்கே தோணலியே" என்றார். முதலாளிக்கு ஒரே பெருமை. வேப்பங்கிளை அன்றைக்கே வெட்டப்பட்டது, சாவி முதலாளியின் இடுப்புக்குப் போனது, கேட்டில் முகம் பார்த்துத் திறக்கச் சின்னத் திட்டிவாசல் வைக்க ஆள் வந்தது. பெண்களைச் சோதிக்கப் பெண்தான் வேண்டும் என்று என்னையே நியமித்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டி, அதற்குள் ஒரு மேஜை, ஒரு நோட்டு. சோதனையில் கிடைக்கும் பொருள் எதுவானாலும் தேதி, பொருள், யாரிடமிருந்து என்று மூன்று கட்டத்தில் எழுத வேண்டும், எழுதிய பொருள் வெளியே போகக் கூடாது. கட்டம் போட்டதும் நான்தான்.

அன்று மத்தியானம் அக்கா வந்து வழக்கம்போலத் தாழ் போட்டு உட்கார்ந்தபோதுதான் நான் எழுதிக் கொடுத்தது யாருடைய கொண்டையை என்று எனக்கு உறைத்தது. கையில் ஊசியோடு நின்றேன்.

"அக்கா, நாளைலேர்ந்து சாயங்காலம் கேட்டுல எல்லாரும் கொண்டைய அவுத்துக் காட்டணுமாம்" என்றேன்.

அவள் கை நின்றது.

"யாரு கண்ணு இப்பிடி ரோசன குடுத்தது?"

"அந்த இன்சூரன்ஸ்காரருதான்."

எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய். அவள் கையிலிருந்த ஊசியைக் குத்தி முடித்தாள். பிறகு, "செக் பண்ணப் போறது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"அட, நீதானா! அப்ப எனக்கென்னா பயம்" என்று பெருமூச்சு விட்டுச் சிரித்து, மீதி ஊசிகளுக்குக் கையை நீட்டினாள்.

முதலாளியிடம் போய்ப் பன்னிரண்டாவதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தட்டிக்குள் வேண்டாம், ஒவ்வொருவராக என் அறைக்கு அனுப்புங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று பயந்தேன். அதைவிட, எல்லோரும் மெச்சிய ஒன்றை நானே அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பாராட்டு அப்படிக் கண்ணை மறைத்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்குச் சோதனை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு நிற்பது சாவு வீட்டில்தான். முப்பது பெண்கள் வரிசையில் நின்று, என் முன்னால் ஒவ்வொருவராகக் கொண்டையை அவிழ்த்து உதறிக் காட்டினார்கள். "எந்த வூட்டுல எழவுன்னு இப்பிடி நிக்கறம்?" என்று ஒரு வயதான அம்மா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அந்தி சாயும் நேரத்தில் தலைமுடி அவிழ்ந்து கிடக்க நின்ற அவர்களைப் பார்க்க எனக்கே மனசு சரியில்லை. வாட்ச்மேன் தட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அந்த மனிதருக்கு இருந்த கூச்சம்கூட எனக்கு இல்லை.

அக்கா வந்தபோது நான் அவள் கொண்டையை மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றேன். அவள் கண்ணாலேயே நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். தினமும் அப்படியே செய்தேன்.

முப்பது பேரில் ஒருத்தியை மட்டும் விட்டால் மீதி இருபத்தொன்பது பேருக்கும் கண் இல்லையா? திருடி மாதிரி யோசிக்கத் தெரிந்த எனக்கு, வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி யோசிக்கத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் மறுபடியும் சிட்டங்கள் குறைந்தன. இந்தத் தடவை நான்கு. கிளை வெட்டியாயிற்று, சாவி முதலாளியிடம், எடை போட இரண்டு பேர், கொண்டை வரை அவிழ்த்தாயிற்று. அப்புறம் எந்த வழியாகப் போகிறது? அவிழ்க்காத கொண்டை ஆலையில் ஒன்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலமும் அக்காவின் கொண்டையைத் தொட்டுவிட்டு, "போங்க" என்றேன். வரிசையில் பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஏங்க, எங்க தலய மட்டும் எழவு வூடாட்டம் விரிக்கச் சொல்றீங்க. அவங்களுக்கு மட்டும் என்னா தனிச் சட்டம்?"

உடனே நாலு குரல் சேர்ந்துகொண்டது. நான் கோபத்தால் அடக்கப் பார்த்தேன். "நான் பாத்துட்டேன். எனக்குத் தெரியும். வாயை மூடிட்டு நில்லுங்க" என்று கத்தினேன். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதையாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சித்தி வரிசையிலிருந்து முன்னால் வந்தார். கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அவர் முகம் ரோஷத்தில் சிவந்திருந்தது.

"எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுங்க இது. இவ மேல ஒருத்தரும் கை நீட்டிப் பேசக் கூடாது. அவுத்துக் காட்டு சாமி. பாத்து எல்லாரும் வாய மூடட்டும்" என்றார்.

அக்கா அசையவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் என் ரூம்ல வச்சுப் பாக்கறேன்" என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை மூன்று வாரம் கழித்துச் சொன்னேன். எதுக்கு ரூமு, அங்க வச்சு சிட்டத்த எடுத்து மறைக்கறதுக்கா என்று யாரோ கேட்டார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். தட்டிக்கு வெளியே நின்றபடியே என்ன தகராறு என்று விசாரித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினார்.

"ஏம்மா, இந்தச் சட்டத்த யோசிச்சு எழுதிக் குடுத்ததே நீதானே? நீயே ஒருத்தர விட்டுட்டா மத்தவங்க எப்படிம்மா ஒத்துக்குவாங்க?"

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முதலாளி பேசுவதற்கு முன்னால் பார்த்தது வேறு, பேசி முடித்த பிறகு பார்த்தது வேறு. கோபம் இல்லை. இவள் யார் என்று தெரியாமல் பார்க்கிற பார்வை. பிறகு கையைத் தூக்கி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தினமும் நான் எடுத்துக் கொடுத்த அதே ஊசிகள். என் மேஜையின் மேல் வரிசையாக வைத்தாள். கடைசியில் சவுரியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே இருந்த துணி முடிச்சு நழுவித் தரையில் விழுந்து, பஸ் சில்லறை உருண்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கியிருப்பேன். கேள்வி கேட்ட பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.  அந்தச் சித்தி தன் முந்தானையை எடுத்து அக்காவின் தலையைச் சுற்றி மூடி, தோளில் கைபோட்டு அணைத்தபடி பஸ் நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போனார். சில்லறையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் பின்னாலேயே ஓடினார்.

மேஜையில் சவுரி இருந்தது.  சோதனையில் மேஜைக்கு வந்த பொருள் எதுவானாலும் நோட்டில் ஏற வேண்டும், விதி அதுதான். நான் போட்ட விதி. பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன். சவுரி, ஒன்று என்று எழுதினேன். யாரிடமிருந்து என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. அதை விட்டுவிட்டு நோட்டை மூடினேன். நிமிர்ந்தபோது, தட்டியின் திறப்பு வழியாக, சாலைக்கு அந்தப் பக்கத்து பஸ் நிறுத்தத்திலிருந்து, முந்தானைக்குள்ளிருந்து, அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் நான்காவது தொட்டி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை சவுரியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். இறங்கி விசாரித்து, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"வாங்க" என்றாள். எழுந்து நின்றாள். "உக்காருங்க."

அதுவரை என்னைக் கண்ணு என்பாள், வா போ என்பாள். அந்த ஒரு 'வாங்க'விலேயே நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே நான்தான் எழுதினேன், பெருமைக்காக எழுதினேன், பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"அது நோட்டுல ஏறிடுச்சிங்களே. கேட்டுல எழுதுன சாமான் வெளிய போவக் கூடாதுன்னு சட்டமாச்சே. நீங்க எடுத்தாந்தா ஒங்க வேலைக்கில்ல ஆவத்து" என்றாள்.

குத்திக்காட்டத்தான் சொன்னாளா, நிஜமாகவே எனக்காகப் பயந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் குணத்துக்கு, இரண்டாவதாகவும் இருக்கலாம். குடிக்க மோர் கொடுத்தாள். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தச் சித்தி வந்து அழுதுச்சிங்க. அவங்க என்னா பண்ணுவாங்க, பாவம். எம் மூஞ்சியப் பாத்துப் பழகறதுக்குள்ள எந் தலையப் பத்தி ஊரு பேசிடுச்சி" என்றாள். பிறகு மறுபடியும் அவரைக்காய் ஆய உட்கார்ந்துவிட்டாள். நான் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன்.

சோதனை நின்றுவிடவில்லை. சிட்டம் குறைவதும் நிற்கவில்லை. அக்கா போன பிறகும் குறைந்தபோதே அவள்மேல் சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனாலும் அவளைப் போய்க் கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். சாலை முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். எங்கள் புழு மூட்டை ஏற்றிப்போன மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்துவிட்டது, மூட்டை வெடித்துச் சாலை முழுக்கப் புழு, காக்காயும் நாயும் கூடிவிட்டன, அதற்குள்ளே என்னமோ பளபளவென்று கிடக்கிறது என்றார். முதலாளியோடு நானும் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்த முதலாளி குனிந்து, முழங்கை வரை அந்தப் புழுக் குவியலுக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய பொட்டலம் வந்தது. பிரித்தால் ஆறு சிட்டங்கள்.

சிட்டம் அறைக்குப் போகும் முன்பே கட்டுகிற இடத்திலிருந்து எடுத்து மூட்டைக்குள் வைத்துத் தைத்தது புழு அள்ளுகிற ஆள்தான். அவரும் வண்டிக்காரரும் கூட்டு. சோதனை ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தவிர, வாரம் தவறாமல் போயிருக்கிறது. அந்த மூட்டைகள் வெளியே போகும்போது வாட்ச்மேன் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். நான் ஜன்னலைச் சாத்துவேன். எங்கள் அத்தனை பேருடைய அருவருப்பும் அந்த வண்டிக்கு வழிவிட்டது.

முதலாளி கையைக் கழுவிவிட்டு வந்து என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஆபத்து இல்லை என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். திட்டவில்லை. "ரெண்டு பேருமே மூக்கப் பொத்திக்கிட்டோம்மா" என்றார். அன்றைக்கே தட்டியைப் பிரிக்கச் சொன்னார். அக்காவை உடனே கூட்டிவரச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார். அவர் சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். அண்ணனோடு பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறதாம். எந்த இடம் என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லையாம்.

"அங்க எல்லாரும் தலையில துண்டு கட்டிக்கிட்டுத்தான் செங்கல்லு சொமப்பாங்களாம். அதுக்குத் தோதா இருக்கும்னு சொல்லிட்டுப் போச்சாம் அந்தப் பொண்ணு" என்றார் வாட்ச்மேன். சொல்லிவிட்டுத் திட்டிவாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறு மாதம் இன்சூரன்ஸ்காரர் வந்தார். திருட்டைக் கண்டுபிடித்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். புழு ஷெட்டையும் சேர்த்து நான் எழுதிய புதுப் பட்டியலைப் படித்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, கேட் சோதனை நோட்டைக் கொண்டுவாங்க, எத்தனை பிடித்தீர்கள் பார்க்கலாம் என்றார். கொடுத்தேன். அவர் புரட்டினார். பக்கம் பக்கமாக வெறும் கட்டங்கள். ஒரே ஒரு வரி.

"சவுரியா? இத யாருகிட்டேர்ந்து எடுத்தீங்க? பேரு எழுதாம விட்டிருக்கே. அரைகுறையா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

முதலாளி என்னைப் பார்த்தார். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருட்டைப் பிடிக்க வைத்த நோட்டில் ஒரே ஒரு பெயர் இருக்கப் போகிறது, அது அவள் பெயராக இருக்கப் போகிறது. ஆலை இருக்கிற வரை அந்த நோட்டு பீரோவில் இருக்கும். நான் பேனாவைத் திறந்தேன். யாரிடமிருந்து என்ற கட்டத்தில் நிதானமாக, முத்து முத்தாக, என் பெயரை எழுதினேன்.

அவர் அந்தப் பெயரைப் படித்தார். இடுப்புக்குக் கீழே தொங்கிய என் சடையைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தச் சவுரி செய்தித்தாள் சுற்றியபடி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஊசிகளும்தான். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. மத்தியானத்தில் யாராவது கதவைத் தட்டினால், அந்த ஆலையை விட்டு வருகிற வரைக்கும், அக்காவை உள்ளே விட்டுத் தாழ் போடுகிறவள் மாதிரி, நான் எழுந்து போய் முதலில் தாழ்ப்பாளில்தான் கை வைத்தேன்.